சக்கரமும் சாதியும்: வில்வண்டி முதல் புல்லட் வரை



நினைவுரை என்றால் தத்துவம் பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நாம் இன்று மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசப் போகிறோம். நாம் நினைவுகூரும் தோழர், வன்கொடுமை நடந்த ஊர்களுக்கெல்லாம் ஒரு பழைய பைக்கில்தான் போய்ச் சேர்ந்தார். பாதி வழியில் வண்டி நின்றுபோனால், சாலையோரம் உட்கார்ந்து பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தப் பயணத்துக்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

1893இல் திருவிதாங்கூரின் வெங்ஙானூரில் அய்யன்காளி வில்வண்டி வாங்கி, புலையர்களுக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் ஓட்டினார். சாலை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை அவர் மனுவாக எழுதவில்லை. வண்டியாக ஓட்டிக் காட்டினார்.

1929இல் சாலிஸ்கானில் அம்பேத்கருக்கு நேர்ந்ததையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தீண்டப்படாதவரை ஏற்றிக்கொண்டு ஓட்டுவது கௌரவக் குறைவு என்று குதிரை வண்டிக்காரர்கள் மறுத்தார்கள். மகர் மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமில்லாத தங்களில் ஒருவரிடம் கொடுத்தார்கள். பாலத்தில் சக்கரம் சிக்கியது. அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார், கால் முறிந்தது. வண்டி ஓட்டும் தொழில்திறனும் சாதியின் கையில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வண்டி கிடைத்தால் மட்டும் போதாது, அதன் நுட்பமும் நம் கைக்கு வரவேண்டும் என்பதே அந்த விபத்து சொல்லும் பாடம்.

நம் பக்கத்துக்கு வருவோம். 1930இலும் 1931இலும் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது தடைகளை விதித்தார்கள். சட்டை கூடாது, செருப்பு கூடாது, குடை கூடாது என்று நீண்ட அந்தப் பட்டியலில், எந்தத் தேவைக்கும் வாகனம் பயன்படுத்தக் கூடாது என்பதும் இருந்தது. மோட்டார் வண்டி சேரிக்குள் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே அதற்கான தடை வந்துவிட்டது!

1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டது. இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி, ராணுவத்தின் தேவைக்காகத் திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. பட்டாளமும் போலீசும் ஓட்டிய வண்டி அது. கிராமத்தில் பண்ணையார் வீட்டு வாசலில் நின்ற வண்டியும் அதுதான். அந்தச் சத்தம் கேட்டால் திண்ணையிலிருந்து எழுந்து நின்ற தலைமுறை நம்முடையது. அதே சத்தம் காலனியிலிருந்து கிளம்பும்போது சிலருக்கு ஏன் காது கூசுகிறது என்பது இப்போது புரியும்.

1980களில் டி.வி.எஸ். 50 வந்தது, பின்னாலேயே ஹீரோ ஹோண்டா, ஆர்.எக்ஸ். 100 என 100 சிசி வண்டிகள் வந்தன. நாலாவது கை மாறி, தவணையில், வண்டி நம் தெருவுக்குள் நுழைந்தது. வண்டியோடு ஒர்க்‌ஷாப்பும் வந்தது. பள்ளியை விட்டு நின்ற பையன்கள் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, கார்புரேட்டரை பெட்ரோலில் கழுவி, கிளட்ச் பிளேட் மாற்றி, சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லப் பழகினார்கள். என்ஜின் வேலைக்குப் பரம்பரைச் சாதி என்று ஒன்று இருக்கவில்லை. பறையும் பிணமும் வெட்டியான் வேலையும் பிறப்பால் சுமத்தப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு, கற்றால் வரும் தொழில் ஒன்று கிடைத்தது. கடை வைக்க முதலும் இடமும் யாரிடம் இருந்தது என்ற கேள்வி அங்கேயும் இருந்தது. ஆனாலும் அது ஒரு கதவு. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் கார்புரேட்டர் போய் எரிபொருள் இன்ஜெக்‌ஷன் வந்தது. கோளாறைக் கண்டுபிடிக்க இப்போது ஸ்கேனர் வேண்டும். காதால் கற்ற மெக்கானிக்கின் அறிவு ஷோரூமுக்குள் பூட்டப்படுகிறது. இதையும் நாம் அரசியலாகப் பேச வேண்டும்.

இனி போலீஸ். மாணவர்களாக இருந்தபோது ஒரு வாகனச் சோதனையில் எங்களை நிறுத்தினார்கள். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் காட்டினோம். அப்புறம்தான் உண்மையான சோதனை தொடங்கியது. “எந்த ஊரு?” சொன்னோம். “ஊருக்குள்ளயா, காலனியா?” சொன்னோம். “வண்டி யாரோடது?” சட்டம் கேட்கச் சொல்வது ஆவணத்தை; தெருவை அல்ல. பழைய வண்டி வாங்கிப் பெயர் மாற்றக் காசில்லாதவர், அந்த ஒரு தாளுக்காகவே திருடனாகப் பார்க்கப்படுகிறார். 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அபராதம் உயர்ந்தது: ஹெல்மெட் இல்லையென்றால் 1,000 ரூபாய், லைசென்ஸ் இல்லையென்றால் 5,000. நாம் விலக்குக் கேட்கவில்லை. ஹெல்மெட் உயிர் காக்கும், போடுங்கள். ஆனால் ஒரே அபராதம் மாதச் சம்பளக்காரருக்கு ஒரு எரிச்சல், தினக்கூலிக்குப் பல நாள் அடுப்பு.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் தலித் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதற்காகவே வெட்டினார்கள் என்றது குடும்பம். 1931இல் வாகனத் தடை விதிக்கப்பட்ட பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து 1985இல் பிரிந்ததுதான் இந்த மாவட்டம். குறிவைக்கப்பட்டவை கைகள் என்பதைக் கவனியுங்கள். ஆக்சிலேட்டரைத் திருகும் கை, ஸ்பேனர் பிடிக்கும் கை, பரீட்சை எழுதும் கை.

2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டம், பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டவிடாமல் தடுப்பதைக் குற்றம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. சட்டத்தில் அந்த வரி இருக்கிறதென்றால், நாட்டில் அந்தக் கொடுமை இருக்கிறது என்று பொருள். மாணவத் தோழர்கள் அந்தப் பிரிவை, 3(1)(za), மனப்பாடம் செய்யுங்கள். தெருவில் வண்டியைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொன்னால், புகாரில் அந்தப் பிரிவு இருக்க வேண்டும். வெறும் வாய்த்தகராறு என்று எழுதி முடித்தால் விடாதீர்கள்.

அந்தச் செய்தி வந்த வாரம் எங்களுக்குத் தெரிந்த ஒரு தாய், மகனின் வண்டியை விற்றுவிடலாமா என்று கேட்டார். நாங்கள் உடனே பதில் சொல்ல முடியாமல் நின்றோம். அந்தத் தாய்க்குப் பதில் சொல்லும் பொறுப்பு இந்த அரங்கில் இருக்கும் எல்லோருக்கும் உண்டு.

ஜெய்பீம்.