நெருக்கடிக்கால உளவளத்துணை: சமன்வய முறையின் வரலாறு

தீ, வெள்ளம், போர், விபத்து, உற்றாரின் திடீர் மரணம் ஆகியவற்றால் மனம் நிலைகுலைந்தோருக்கு, ஏதேனும் ஒரு மனோதத்துவச் சித்தாந்தத்தையே பற்றி நில்லாமல், பல மரபுகளிலிருந்தும் தக்கவற்றை எடுத்து, அவரவர் நிலைக்கும் காலத்துக்கும் ஏற்றபடி அளிக்கப்படும் துணையைச் சமன்வய முறை என்பர். இம்முறையின் வரலாற்றைப் பார்க்குமிடத்து, அது நூலறைகளில் வளர்ந்ததைவிட, பேரிடர் ஒவ்வொன்றும் முந்திய முறையின் குறையை அம்பலப்படுத்தியதனால் வளர்ந்ததே அதிகம் என்று கூறலாம்.

கொடிய நினைவுகளைக் கிளறுமுன் நோயாளியை நிலைப்படுத்த வேண்டும், அதன் பின்னரே அந்நினைவுகளை அணுகி, இறுதியில் அவரை வாழ்க்கையோடு மீளவும் பொருத்த வேண்டும் என்ற படிமுறையைப் பிரெஞ்சு அறிஞர் பியேர் ஜானே வெகுகாலத்துக்கு முன்பே கண்டிருந்தார். ஆனால் பிராய்டின் புகழ் ஓங்கிய நாட்களில் அவரை நினைத்தவர் சிலரே. முதல் உலக மகாயுத்தத்தில், குண்டுவீச்சால் நினைவிழந்தும் பார்வை மங்கியும் வந்த போர்வீரர்களைப் பற்றிச் சார்லஸ் மையர்ஸ் 1915-இல் எழுதினார். எடின்பரோவை அடுத்த கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், நடந்ததை மறந்துவிடுமாறு வீரர்களை வற்புறுத்துவதே அவர்களை வருத்துகிறது என்று கண்டு, தாங்கக்கூடிய அளவில் அதை நினைத்துப் பேச இடங்கொடுத்தார். இந்த ரிவர்ஸ்தான் அதற்குமுன் நம் நீலகிரியில் தங்கித் தோதவரின் வாழ்க்கையை ஆராய்ந்து, 1906-இல் பெருநூல் வெளியிட்டவர்.

இத்துறையின் திருப்புமுனை ஒரு கேளிக்கை விடுதியில் நேர்ந்தது. 1942 நவம்பர் 28 இரவு, பாஸ்டன் நகரத்துக் கோகனட் குரோவ் விடுதியில் தீப்பற்ற, சுழற்கதவு நெரிசலில் அடைபட்டுப்போக, 492 பேர் மாண்டனர். மாஸசூஸெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த எரிக் லிண்டெமன், தீயில் உறவினரை இழந்தோர் உள்ளிட்ட 101 பேரை விசாரித்து, 1944-இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். தொண்டை அடைப்பு, மூச்சுத் திணறல், அடிக்கடி வரும் பெருமூச்சு, வயிற்றில் ஒரு வெறுமை, இவையெல்லாம் அலையாக எழுந்து இருபது நிமிஷமோ ஒரு மணி நேரமோ நீடித்து அடங்குவதை அவர் நுணுக்கமாக வருணித்தார். மனைவியைக் காப்பாற்ற முயன்று மயங்கி விழுந்து, கூட்டத்தால் வெளியே தள்ளப்பட்டுத் தான் மட்டும் பிழைத்த வாலிபன் ஒருவன், உடற்காயம் ஆறி வீடு சென்றபின் அமைதியிழந்து மீண்டும் மருத்துவமனைக்கு வந்து, தாதியின் கவனத்தைத் திருப்பிவிட்டு ஜன்னல் வழியே குதித்து உயிர்விட்டதையும் பதிவு செய்தார். ஆயினும் பெரும்பாலோர்க்கு எட்டுப் பத்துச் சந்திப்புகளில், நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள், துக்கத்தைச் செவ்வனே கடக்க உதவலாம் என்பதும், மதகுருமாரும் சமூக சேவகரும்கூட அவ்வுதவியைச் செய்யலாம் என்பதும் அவர் கண்ட முடிவு. ஆண்டுக்கணக்கில் நடக்கும் உளப்பகுப்பாய்வே சிகிச்சை என்றிருந்த காலத்தில் இது துணிவான கூற்று.

லிண்டெமனோடு பணியாற்றிய ஜெரால்ட் காப்லன் 1964-இல் நெருக்கடிக் கொள்கைக்கு முழுவடிவம் தந்தார். அதற்கு முன்பே, 1953-இல், பாதிரியார் சாட் வரா லண்டனில் தொலைபேசித் துணையைத் தொடங்கியிருந்தார்; அவ்வழியில் கொழும்பில் சுமித்ரயோ 1974-இலும் சென்னையில் சிநேகா 1986-இலும் தோன்றின.

இதனிடையே சிகிச்சை முறைகள் பெருகி, ஒவ்வொரு மரபினரும் தம்முடையதே போதுமென்று வாதாடினர். ஆர்னால்ட் லாசரஸ், நோயாளியின் நடத்தை, உணர்ச்சி, எண்ணம், உறவு, உடல் அனைத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று 1970-களில் வற்புறுத்தினார். 1980-இல் அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலில் அதிர்ச்சிக்குப் பிந்திய மன அழுத்த நோய் இடம்பெற்றது; அதன்பின் உடனே உதவிவிட வேண்டும் என்ற அவசரமும் கூடிற்று. பேரிடர் நேர்ந்த சில நாட்களுக்குள் எல்லாரையும் உட்கார வைத்து நடந்ததை விவரிக்கச் செய்யும் முறை 1983 முதல் பரவியது. ஆனால் 2002-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, அத்தகைய ஒற்றை அமர்வால் பயனில்லை, சிலருக்குக் கேடும் உண்டு என்று காட்டியது. நல்லெண்ணத்தால் செய்வதனைத்தும் நன்மையாகிவிடும் என்று நம்பிய ஒரு தலைமுறைக்கு இது கசப்பான செய்தியே. ஜூடித் ஹெர்மன் 1992-இல் எழுதிய நூலில் பாதுகாப்பு, நினைவுகூர்தலும் துக்கமும், உறவுகளை மீட்டல் என மூன்று படிகளை வகுத்தார். ஜானேயின் வரிசை நூறாண்டு கழித்துத் திரும்பியது எனலாம்.

தமிழர் வாழும் நிலத்தில் இம்முறை மிகுதியும் சோதிக்கப்பட்டது யாழ்ப்பாணத்தில். அங்கே மனநல வைத்தியராயிருந்த தயா சோமசுந்தரம், இலங்கை உள்நாட்டுப் போரின் பாதிப்பைத் தனிமனிதரோடு நிறுத்தாமல் குடும்பத்துக்கும் ஊருக்கும் நேர்ந்த சிதைவாகக் கண்டு, 1998-இல் ஆங்கிலத்தில் நூலெழுதினார். ஒரு சில வைத்தியர்களால் அத்தனை பேரையும் பார்க்க இயலாதாகையால், ஆசிரியர்களும் கிராம ஊழியர்களும் பயிற்றப்பட்டனர். மருந்து, பேச்சு ஆகியவற்றோடு, மூச்சுப்பயிற்சி, யோகாசனம், இந்துக்களுக்குப் பிரணவ உச்சரிப்பு, கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர் என அவரவர் மரபில் ஏற்கெனவே இருந்தவையும் கைக்கொள்ளப்பட்டன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007-இல் வெளியிட்ட நெறிமுறைகள் உணவும் உறைவிடமும் பாதுகாப்பும் அடிப்படை என்றும், நிபுணரின் சிகிச்சை சிலருக்கே வேண்டுவது என்றும் வகுத்தன.

எந்த முறைக்கும் எளிதில் அடங்காத துன்பம், அப்போரில் காணாமற் போனோரின் குடும்பத்தாருடையது. யாழ்ப்பாணத்தில் இறந்தவருக்கு எட்டுச்செலவும் 31-ஆம் நாள் அந்தியேட்டியும் செய்து துக்கத்துக்கு ஓர் எல்லை வகுப்பார்கள். உடலும் செய்தியும் இல்லாதவருக்கு அச்சடங்குகளைச் செய்வது அவரைத் தாமே கைவிடுவதாகும் என்று மனைவிமாரும் தாய்மாரும் மறுத்தனர். பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர் தெளிவற்ற இழப்பு என்று இதனைப் பெயரிட்டு ஆராய்ந்திருந்தார். இவர்களிடம் இழப்பை ஒப்புக்கொள்ளும்படி வற்புறுத்தலாகாது, ஐயத்தோடே வாழத் துணைசெய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. இறந்தார் என்று எழுதாமல், காணப்படவில்லை என்று மட்டும் சான்றளிக்கும் பத்திரத்துக்கு இலங்கைச் சட்டம் 2016-இல் இடமளித்தது.