செய்முறையும் செலவும்

மக்கள் ஏன் செலவு செய்கிறார்கள்? பசிக்கு உணவும் உடலுக்கு உடையும் வேண்டும் என்பது எளிய விடை. ஆயினும், அவ்விரண்டும் நிறைந்த பின்னரும் செலவு நிற்பதில்லை. அதன் காரணத்தைக் கம்பம் பள்ளத்தாக்கின் வரலாறு நமக்குக் காட்டும் என்று நான் கருதுகிறேன்.

1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சத்தில் மதுரைச் சீமை மிகவும் வாடிற்று. பின்னர், பென்னி குயிக் என்னும் பொறியாளரின் தலைமையில் 1887-இல் தொடங்கி 1895-இல் திறக்கப்பெற்ற பெரியாறு அணை, மேற்கே ஓடிய நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது. இன்று இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் அந்நீரால் இருபோகம் விளைகிறது. விளைச்சல் பெருகவே, உழவர் கையில் பணமும் புழங்கலாயிற்று.

அப்பணத்தில் ஒரு பங்கு நிலத்திற்கும் நகைக்கும் சென்றது. மற்றொரு பங்கு செல்லும் வழியே நம் ஆராய்ச்சிக்கு உரியது. தேனிப் பக்கத்தில் அதனைச் 'செய்முறை' என்பர். காதணி விழாவுக்குத் தாய்மாமன் தட்டு வரிசையுடன் மேளதாளம் முழங்கச் சீர் கொண்டுவருவார். பந்தலில் உறவினர் மொய் எழுதுவர். பெயரும் தொகையும் ஊரறிய ஒலிபெருக்கியில் கூறப்படுவதும் உண்டு. அந்த மொய் நோட்டை வீட்டார் போற்றிக் காப்பர். எழுதியவர் வீட்டில் விசேடம் வரும்போது, வாங்கியதற்கு மேலும் சிறிது கூட்டித் திருப்பிச் செய்வர்.

இதனை வீண் ஆடம்பரம் என்று தள்ளிவிடலாமா? 1899-இல் வெப்லென் என்னும் அமெரிக்க அறிஞர், பிறர் காணச் செலவிடுவதே செல்வர்க்கு மதிப்பைத் தருகிறது என்றார். இங்கே அது பாதி உண்மையே. மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் வாழ்வை நேரில் ஆராய்ந்து, 1957-இல் நூல் வெளியிட்ட பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன், சீரும் வரிசையும் இரு குடும்பங்களின் உறவைத் தலைமுறைதோறும் புதுப்பிப்பதை எடுத்துக்காட்டினார். மேலும், வங்கி அருகில் இல்லாத காலத்தில் மொய்யே ஏழைக் குடும்பத்தின் சேமிப்பாகவும், திருமணச் செலவுக்கு வட்டியில்லாக் கைம்மாற்றாகவும் உதவிற்று.

எனவே, செய்முறைச் செலவினுள் மதிப்பு வேட்கை, நன்றிக் கடன், பழிக்கு அஞ்சும் அச்சம் என மூன்று உணர்ச்சிகள் கலந்துள்ளன. முதல் இரண்டும் உறவை வளர்ப்பன; மூன்றாவதே இடர் தருவது. மழை பொய்த்த ஆண்டிலும் தொகையைக் குறைக்க இயலாதவன், வட்டியில்லாமல் வாங்கியதைத் திருப்பித் தருவதற்காக வட்டிக்குக் கடன் வாங்குகிறான். உறவைக் காக்க எழுந்த வழக்கம், அவ்விடத்தில் உறவினனையே வருத்துகிறது.

இன்று மொய் நோட்டின் இடத்தில் கணிப்பொறியும் அச்சிட்ட ரசீதும் வந்துள்ளன. கருவி மாறினும் மனம் மாறவில்லை. மாணவர்களே, பொருளியல் பயிலும்போது விலையையும் வருவாயையும் மட்டும் கணக்கிடாதீர்கள். கைப்பணத்தை எடுக்கும் மனிதன், அவ்வேளையில் யார் முகத்தை நினைக்கிறான் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.