அழைப்புக்குக் குலமில்லை: நம் வட்டாரத் திருச்சபை ஊழியர் வரலாறு

ஒரு சமுதாயத்தின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர், பள்ளிக் கட்டடங்களையும் அவற்றைத் திறந்து வைத்த பெருமக்களையும் மட்டும் குறித்து நின்றுவிடலாகாது. சேரியில் முதன்முதல் எழுத்தறிவித்தவர் யாவர், எக்குடியிற் பிறந்தவர், எவ்வாறு அப்பணிக்கு வந்தவர் என்பதையும் ஆராய்தல் வேண்டும். வேலூர், ஆம்பூர், ஒடுகத்தூர் வட்டாரத்தில் இவ்வாராய்ச்சி நம்மைத் திருச்சபை ஊழியர்களிடம் கொண்டு சேர்க்கின்றது. எச்சமயத்தைச் சார்ந்த இளைஞர்க்கும் அவ்வரலாற்றில் படிப்பினை உண்டு.

திருச்சபை ஊழியம் என்பது பிறப்பால் வருவதன்று, இறைவனின் அழைப்பால் வருவது என்பது கிறித்தவக் கொள்கை. ஆயினும் தமிழ் மண்ணில் அக்கொள்கை சாதியின் முன் தயங்கி நின்றதை வரலாறு காட்டுகின்றது. தரங்கம்பாடி மிஷனில் 1733-ஆம் ஆண்டில் ஆரோன் என்னும் வேளாளர் குருப்பட்டம் பெற்றார். புராட்டஸ்டண்டு சபைகளில் இந்தியர் ஒருவர் பெற்ற முதற் குருப்பட்டம் அதுவே. அக்காலத்தில் இராஜநாயக்கன் என்னும் உபதேசியாரும் அம்மிஷனில் இருந்தார். தஞ்சை மன்னரின் படையில் பணிபுரிந்து, பின்னர் ஊழியத்துக்கு வந்தவர் அவர். சொல்வன்மையும் துணிவும் மிக்கவராயினும், பறையர் குலத்தில் பிறந்தவர் என்பதால் அவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்படவில்லை. அவர் கையால் நற்கருணை பெற உயர்சாதிக் கிறித்தவர் உடன்படார் என்று மிஷனெரிமார் அஞ்சினர். 1771-இல் மறையும் வரை அவர் உபதேசியாராகவே இருந்தார். தகுதியிருந்தும் பட்டம் மறுக்கப்பட்டவர் வரிசையில் அவரை நாம் மறத்தலாகாது.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் நிலைமை சற்றே மாறியது. 1850-இல் சென்னை மிஷனெரி மாநாடு சாதியைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 1853-இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய அமெரிக்கன் ஆற்காடு மிஷன், சாதியை விட்டொழித்தலைச் சபையிற் சேர்வதற்கு நிபந்தனையாக வைத்தது. பின்னர் ஊர் ஊராகச் சேரிமக்கள் சபையில் சேரலாயினர். 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பெரும்பஞ்சம் அவ்வியக்கத்தை மேலும் விரிவாக்கியது. அவ்வாறு சேர்ந்த ஊர்களுக்கு அனுப்பப்பட்டவரே உபதேசியார்.

உபதேசியாரின் பணி வழிபாடு நடத்துவதோடு முடியவில்லை. காலையில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுப்பார். மாலையில் வேலையிலிருந்து திரும்பிய பெரியவர்களுக்கு ஜெபம் நடத்துவார். மனு எழுத வேண்டுவோர்க்கு எழுதிக் கொடுப்பார். கூரைக் கொட்டகையே கோயில், அதுவே பள்ளி. இப்பணிக்கு ஆள் தேவைப்பட்டபோது, அச்சேரிகளிலேயே கற்ற பிள்ளைகள் பலர் முன்வந்தனர். பண்ணையாளின் மகன் தன்னூர்ப் பிள்ளைகளுக்கு ஆசிரியனாகும் வழி திறந்தது. அவர்களைப் பயிற்றுவிக்க 1880-களின் பிற்பகுதியில், அன்றைய வடஆற்காடு மாவட்டத்துப் பலமநேரில் ஆற்காடு இறையியற் கல்லூரி நிறுவப்பெற்றது.

தோல் தொழில் செழித்த நம் வட்டாரத்தினர் மற்றொரு செய்தியையும் அறிதல் நன்று. 1793-இல் வங்காளம் வந்து, 1818-இல் சேரம்பூரில் கல்லூரி அமைத்த வில்லியம் கேரி, இங்கிலாந்தில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். தோலைத் தொட்ட கை வேதத்தைத் தொடலாகாது என்னும் விதி அவர் நாட்டில் இல்லை. அவ்விதி எங்கிருந்து வந்தது என்பதை நம் இளைஞர்கள் சிந்திக்க வேண்டும்.

பெண்களின் பங்கும் சிறிதன்று. வேதாகமப் பெண்கள் எனப்பட்ட ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, வெளிவர இயலாத பெண்களுக்கு வாசிக்கக் கற்பித்தனர். ஆயினும் அவர்கள் பெயர்கள் பெரும்பாலும் அறிக்கைகளில் எண்ணிக்கையாகவே மறைந்தன. 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் உருவான தென்னிந்தியத் திருச்சபை, 1976-இல் முதன்முறையாக ஒரு பெண்ணுக்குக் குருப்பட்டம் அளித்தது. 2013-இல் புஷ்பலலிதா அம்மையார் நந்தியால் பேராயராகி, அத்திருச்சபையின் முதற் பெண் பேராயர் என்னும் சிறப்பைப் பெற்றார்.

நம்மவர் தலைமைக்கு வந்த வரலாறும் நீண்டதே. ஆயர் ஜான் ரத்தினம் 1885-இல் 'திராவிட பாண்டியன்' இதழைத் தொடங்கி, ஊழியத்தோடு சமுதாய உரிமைக் குரலையும் இணைத்தார். 1969-இல் மதுரை அரசரடியில் அமைந்த தமிழ்நாடு இறையியல் கல்லூரியில், பரட்டை எனப்பட்ட ஆயர் தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொணர்ந்தார். தீண்டத்தகாததென ஒதுக்கப்பட்ட கருவி ஆலயத்துள் ஒலித்தது. 1990-இல் சென்னைப் பேராயரான மாசிலாமணி அசரியா, தலித் கிறித்தவரின் உரிமைக்காக இடைவிடாது குரல் கொடுத்தார்.

அவ்வுரிமைக் குறை யாதெனின், 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டுமே உரியதாக்கியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டனர். சேரிக்கு எழுத்தறிவித்த உபதேசியாரின் பேரப்பிள்ளைகளே கல்விச் சலுகையை இழந்து நின்றனர். ஒரே தெருவில், ஒரே இழிவைச் சுமந்து வாழும் இரு குடும்பங்களைச் சமயத்தின் பெயரால் பிரித்த இவ்வாணை, நம் ஒற்றுமைக்கும் ஊறு விளைத்தது.

இளைஞர்களே! சபைக்குள்ளும் சாதி முற்றும் ஒழிந்ததென எவரும் கூற இயலாது. தனிக் கல்லறையும் தனி வரிசையும் தமிழகத்தின் பல ஊர்களில் வழக்காயிருந்தன. ஆயினும் பட்டமும் பொருளும் எதிர்பாராது, கூரைக் கொட்டகையில் நம் முன்னோர்க்கு எழுத்தைக் கையளித்தவர்கள் நம்முள்ளிருந்தே எழுந்தவர்கள். உங்கள் ஊரில் உபதேசியாராகவும் வேதாகமப் பெண்ணாகவும் பணிபுரிந்தோர் பெயர்களை முதியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். கற்ற ஒருவர் கல்லாத ஒருவருக்குக் கற்பித்தலே அவர்கள் விட்டுச்சென்ற மரபு. அம்மரபைத் தொடர்வதற்குப் பட்டம் வேண்டுவதில்லை, குலமும் தடையன்று.