அந்தமானிலிருந்து அமெரிக்காவுக்கு இன்வாய்ஸ்: 500 டாலரில் உங்கள் கைக்கு எவ்வளவு வரும்?

குட்வில் எஸ்டேட் மாதிரியான ஓர் அந்தமான் ஊரில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க கம்பெனிக்கு வெப்சைட் செய்து கொடுப்பது, சில ஆண்டுகளுக்கு முன்பு வரை பெரிய ரோதனை. தீவுகளுக்கு இன்டர்நெட் செயற்கைக்கோள் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. 2020 ஆகஸ்ட் 10-ம் தேதி சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) மற்ற தீவுகளுக்குமாகச் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடி கேபிள் திறக்கப்பட்ட பிறகு நிலைமை மாறியது. வேலையை அனுப்புவது இப்போது சுலபம். அதற்கான பணத்தை முழுசாக வாங்குவதுதான் பாடு. இந்தச் சிக்கல் தீவுக்கு மட்டுமல்ல, திருப்பூருக்கும் திருநெல்வேலிக்கும் அதேதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் இன்வாய்ஸ் 500 டாலர். எளிமைக்காக ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வரவேண்டியது 45,000 ரூபாய்.

பேபால் வழியாக வாங்கினால்? வெளிநாட்டு வணிகப் பணத்துக்கு 4.4 சதவீதமும் அதன்மேல் ஒரு சிறு நிலையான தொகையும் போகும். அதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். பார்க்காமல் விடுவது, டாலரை ரூபாயாக மாற்றும்போது சந்தை விலையைவிடக் குறைத்துக் கொடுப்பதை. அதை 3 சதவீதம் என்று வைத்தாலே உங்கள் கைக்கு வருவது சுமார் 41,700 ரூபாய்தான். 3,300 ரூபாய் வழியிலேயே காலி. க்ளையன்ட்டுக்கு இது வசதி, கார்டைத் தட்டினால் போதும். அதனால் முதல் சின்ன ஆர்டருக்கு வாங்கிக்கலாம். மாதாமாதம் வரும் பணத்துக்கு இது கட்டுப்படியாகாது.

அடுத்தது, நேரடியாக வங்கிக்கு வரும் ஸ்விஃப்ட். இதில் பணம் ஒரே தாவலில் வருவதில்லை. க்ளையன்ட்டின் வங்கிக்கும் உங்கள் வங்கிக்கும் நேரடிக் கணக்கு இல்லையென்றால் நடுவில் வேறொரு வங்கி நுழையும், அது தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டுதான் தள்ளிவிடும். இங்கே 20 டாலர் பிடித்தார்கள் என்று வையுங்கள். மீதி 480. உங்கள் வங்கி டாலருக்கு ஒரு ரூபாய் குறைத்து 89 கொடுத்தால் 42,720. அதில் வங்கிக் கட்டணமும் ஜிஎஸ்டியும் போக சுமார் 42,350.

ஆனால் இதே ஸ்விஃப்ட், 5,000 டாலர் வரும்போது வேறு முகம் காட்டும். நடுவில் பிடிப்பது அதே 20 டாலர்தான். மிச்சமெல்லாம் வங்கி தரும் மாற்று விலையைப் பொறுத்தது, அது பேசிக் குறைக்கக்கூடியது. கிளைக்குப் போய் ஃபாரெக்ஸ் பார்க்கிறவரிடம், "சார், மாதாமாதம் வருது, ரேட் கொஞ்சம் பார்த்துக் கொடுங்க" என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம், பெரிய ஏற்றுமதியாளர்கள் எல்லோரும் கேட்பதுதான். ஒரு ரூபாய் வித்தியாசத்தை 25 பைசாவாக்கினால் அந்த ஒரே பரிமாற்றத்தில் 3,700 ரூபாய்க்கு மேல் மிச்சம். ஒப்பந்தத்திலேயே "அனுப்பும் செலவு அனைத்தும் அனுப்புபவருடையது" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் நடுவில் பிடிப்பதும் பெரும்பாலும் நின்றுவிடும்.

மூன்றாவது வழிதான் சின்ன தொகைகளுக்கு இப்போது மலிவு. சில பேமென்ட் நிறுவனங்கள் உங்கள் பெயரில் அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ ஒரு கணக்கு எண் வாங்கித் தரும். க்ளையன்ட் அதற்கு உள்ளூர்ப் பரிமாற்றமாக அனுப்புவார். ஸ்விஃப்ட் தலையிடாது. அந்த நிறுவனம் சந்தை விலையில் ரூபாயாக்கி, தன் கட்டணத்தை மட்டும் தனியாகக் காட்டி எடுத்துக்கொள்ளும். கட்டணம் 1 சதவீதம் என்றால், அதன் மேல் ஜிஎஸ்டி போக 500 டாலருக்கு சுமார் 44,470 ரூபாய் வரும். கட்டணம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சிலர் ஒரு பரிமாற்றத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். அதனால் 5,000 டாலர் அளவில், நன்றாகப் பேசி வாங்கிய வங்கி ரேட் இதையே தோற்கடிக்கலாம்.

இத்தகைய நிறுவனங்களுக்காக ரிசர்வ் வங்கி 2023 அக்டோபர் 31-ல் தனி விதிமுறை கொண்டுவந்தது. அதில் ஒரு பொருள் அல்லது சேவைக்கு 25 லட்சம் ரூபாய் வரை உச்சவரம்பு வைக்கப்பட்டது. சேருவதற்கு முன், அந்த நிறுவனத்துக்கோ அது கூட்டு வைத்திருக்கும் நிறுவனத்துக்கோ அனுமதி இருக்கிறதா என்று ரிசர்வ் வங்கித் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

யூபிஐ வேலைக்காகாதா? சிங்கப்பூரின் பேநவ்வுடன் 2023 பிப்ரவரியில் இணைப்பு தொடங்கியது உண்மை. ஆனால் அது குடும்பத்துக்குப் பணம் அனுப்பத்தான், வியாபாரத்துக்கு அல்ல.

இங்கேதான் நம்மூர்க்காரர்கள் பலர் ஒரு குறுக்குவழி பிடிக்கிறார்கள். "சிங்கப்பூர் மாமா அக்கவுன்ட்ல போடச் சொல்லிடறேன், அவர் எனக்கு அனுப்பிடுவார்." செலவு குறைவுதான். ஆனால் அந்தப் பணம் இந்திய வங்கிக்குக் குடும்பச் செலவுக்கான பணமாக, பி1301 என்ற குறியீட்டில் வந்து சேரும். நீங்கள் சம்பாதித்தது ஏற்றுமதி வருமானம் என்பதற்கு உங்களிடம் ஒரு காகிதமும் இருக்காது. நாளைக்கு வருமான வரியிலோ ஜிஎஸ்டியிலோ கேட்டால் மாமாவா வந்து பதில் சொல்வார்? கிரிப்டோவில் வாங்குவது இன்னும் மோசம். முகம் தெரியாத ஆளிடம் விற்று ரூபாயாக்கும்போது, அது மோசடிப் பணமாக இருந்தால் உங்கள் வங்கிக் கணக்கையே முடக்கிவிடுவார்கள்.

எந்த வழியாக வாங்கினாலும் ஒவ்வொரு தொகைக்கும் ஃபிரா எனப்படும் வெளிநாட்டு வரவுச் சான்றைக் கேட்டு வாங்கிச் சேர்த்து வையுங்கள். நோக்கக் குறியீட்டையும் நீங்களே சொல்லிவிடுங்கள்: மென்பொருள் ஆலோசனை என்றால் பி0802, விளம்பரம் என்றால் பி1007. சொல்லாவிட்டால் பணம் வங்கியிலேயே சில நாள் காத்துக்கிடக்கும்.

சேவை தருபவர்களுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், அந்தமானிலும் அதே வரம்புதான். ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம். ஆனால் அதை முன்கூட்டியே கட்டாமல் இருக்க ஆர்எஃப்டி-11 படிவத்தில் எல்யூடி என்ற உறுதிமொழியை ஜிஎஸ்டி தளத்தில் தர வேண்டும். கட்டணம் கிடையாது. ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகத் தர வேண்டும், போன வருடம் கொடுத்தது இந்த வருடத்துக்குச் செல்லாது. அதனால் ஏப்ரலில் முதல் இன்வாய்ஸ் அனுப்புவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.