நுபாத்தா குத்பாவும் மார்க்கச் சட்டமும்

ஹிஜ்ரி 374இல் மறைந்த இப்னு நுபாத்தா, ஹலபை ஆண்ட ஸைஃபுத் தவ்லா காலத்துக் கதீப். ரோமப் படைகளுக்கெதிராக மக்களை எழுப்ப, அவர்கள் பேசிய அரபியிலேயே முழங்கினார். அவ்வுரைகளே தென்னகப் பள்ளிவாசல்கள் பலவற்றில், கேட்போருக்குப் பொருள் விளங்காமலே, நெடுங்காலம் ஓதப்பட்டன.

ஷாஃபிஈ சட்டநூல்களின் வலுவான கருத்துப்படி, அரபியில் அமைய வேண்டியவை குத்பாவின் ஐந்து ருக்னுகளே: இறைப்புகழ், ஸலவாத், தக்வா உபதேசம், ஒரு மறைவசனம், முஃமின்களுக்கான துஆ. இமாம் அபூஹனீஃபா பிறமொழிக் குத்பாவும் கூடுமென்றார். அவர்தம் மாணவர் இருவர் மாறுபட்டனர். இத்தகைய கருத்து வேறுபாட்டுக்குரிய விஷயத்தில்தான், பா. தாவூத்ஷா 'தாருல் இஸ்லாம்' இதழில் தமிழ்க் குத்பா வேண்டியபோது கடும் எதிர்ப்பு மூண்டது.

நம் சாலவாக்கம் அடங்கிய உத்திரமேரூர் வட்டத்தின் தலையூரில், 919இல் கல்லில் வெட்டிய தேர்தல் விதியைச் சபையார் 921இலேயே திருத்தினர். அது தாம் வகுத்தது என்பதை அவர்கள் மறக்கவில்லை. நாமோ ஹலபுக் கதீபின் ஏட்டை ஷரீஅத்தாக்கிக்கொண்டோம். இன்று பல பள்ளிகளில் தமிழ் பயானுக்குப் பின்னரே அரபுக் குத்பா ஓதப்படுகிறது.