எரிபொருள்வாய்க் கதவின் மின்திறப்பி

எரிபொருள்வாய்க் கதவின் மின்திறப்பி என்பது, தானுந்தின் (கார்) பக்கவாட்டில் பெட்ரோல் அல்லது டீசல் நிரப்பும் வாயை மறைத்திருக்கும் சிறு கதவை மின்னாற்றலால் விடுவிக்கும் அமைப்பு ஆகும். பல வண்டிகளில் இவ்வேலையை ஓட்டுநர் இருக்கையருகே உள்ள நெம்புகோலும் அதனோடு இணைந்த கம்பி வடமும் செய்கின்றன. மின்திறப்பி பழுதானாலும் வண்டி ஓடும். எரிபொருள் மட்டும் நிரப்ப இயலாது. எனவே இப்பழுது பெரும்பாலும் தொட்டி வற்றிய நிலையில், எரிபொருள் நிலையத்தில்தான் தெரியவருகிறது.

இயங்கும் முறை

இது பொதுவாக இரு வகைப்படும். முதல் வகையில், ஆளியை (சுவிட்ச்) அழுத்தும்போது 12 வோல்ட்டு மின்சாரம் வரிச்சுருள் (சாலினாய்டு) வழியே பாய்கிறது. சுருள் மின்காந்தமாகி உள்ளிருக்கும் இரும்புத் தண்டை இழுக்க, கொக்கி விலகி, வில் கதவை வெளியே தள்ளுகிறது.

இரண்டாம் வகையில் தனி ஆளி இல்லை. மையப் பூட்டு அமைப்புடன் இணைந்த சிறு மின்னோடி, வண்டியைப் பூட்டும்போது ஒரு முள்ளை நீட்டிக் கதவைத் தடுக்கிறது. பூட்டு திறந்ததும் முள் உள்வாங்குகிறது. பின்னர் கதவை விரலால் அழுத்தினாலே திறக்கும். சில வண்டிகளில் ஓட்டுநர் கதவின் பூட்டை மட்டும் திறந்தால் முள் விலகாது. எல்லாக் கதவுகளின் பூட்டும் திறக்கப்பட வேண்டும். இதை அறியாமல் பழுது என்று கருதுவோரும் உண்டு.

பழுதறிதல்

முதலில் கவனிக்க வேண்டியது ஒலி. ஒருவர் ஆளியை அழுத்த, மற்றொருவர் கதவருகே நின்று கேட்க வேண்டும். வழக்கமான வலுவுடன் 'டக்' என்ற ஒலி எழுந்தும் கதவு திறக்கவில்லையெனில் மின்சுற்று பெரும்பாலும் நலமாகவே உள்ளது. கீலில் துரு, சேறு, வலுவிழந்த வில், குளிர்நாடுகளில் பனிக்கட்டி ஆகியவற்றுள் ஒன்று காரணமாகலாம். ஆளியை அழுத்தும் அதே நேரத்தில் கதவை உள்ளங்கையால் மெல்ல உட்புறமாக அழுத்தி விட்டால், கொக்கியின் மீதுள்ள இறுக்கம் தளர்ந்து கதவு திறப்பதுண்டு. ஆளியை நெடுநேரம் அழுத்திப் பிடிக்கக் கூடாது. கணநேர வேலைக்கென அமைந்த சுருள் சூடேறிக் கருகக்கூடும்.

ஒலியே இல்லையெனில் உருகியை (ஃபியூஸ்) முதலில் பார்க்க வேண்டும். அதன் இடம் வண்டியின் கையேட்டில் இருக்கும். உருகி நன்றாக இருந்தால், பின்பெட்டியின் (டிக்கி) உட்புற உறையை விலக்கி, மின்திறப்பியின் செருகியில் மின்னழுத்தம் வருகிறதா என அளக்கலாம். அங்கு மின்சாரம் வந்தும் அசைவில்லையெனில் மின்திறப்பியை மாற்ற வேண்டும். வராவிடில் பழுது ஆளியிலோ கம்பியிலோ உள்ளது.

இவ்வளவீட்டில் எண்முறை மல்டிமீட்டர் இரு வகையில் ஏமாற்றும். மையப் பூட்டு தரும் மின்துடிப்பு மிகக் குறுகியதாகையால், மீட்டர் அதைத் தவறவிடலாம். மாறாக, அரித்துப்போன இணைப்பிலும் அது 12 வோல்ட்டு காட்டும். ஏனெனில் மீட்டர் மிகக் குறைந்த மின்னோட்டத்தையே எடுக்கிறது. 12 வோல்ட்டு, 5 வாட்டு வண்டி விளக்கொன்றைச் செருகியில் இணைத்துப் பார்ப்பது இதைவிட நம்பத்தக்கது. அது ஏறத்தாழ 0.4 ஆம்பியர் எடுப்பதால், இணைப்பு மோசமாக அரித்திருந்தால் மங்கலாகவே எரியும்.

ஆளி ஓட்டுநர் கதவில் அமைந்த வண்டிகளில், கதவுக்கும் உடற்பகுதிக்கும் இடையேயுள்ள ரப்பர் உறையினுள் கம்பி முறிவது வழக்கம். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் கம்பி வளைவதே காரணம். கதவின் ஒரு குறிப்பிட்ட நிலையில் மட்டும் ஆளி வேலை செய்தால், இம்முறிவையே ஐயுற வேண்டும். முறிந்த முனைகளை முறுக்கி நாடா சுற்றினால் நிலைக்காது. இடையில் மென்கம்பித் துண்டொன்றைச் சேர்த்து, இணைப்புகள் வளையும் இடத்திற்கு அப்பால் வருமாறு அமைக்க வேண்டும்.

கையால் திறத்தல்

பல வண்டிகளில் பின்பெட்டியின் உட்பக்கம், எரிபொருள்வாய் உள்ள பக்கத்தில், அவசர இழுகயிறு ஒன்று இருக்கும். இதை நேராகவும் மெதுவாகவும் இழுக்க வேண்டும். வெடுக்கென இழுத்தால் நெகிழிப் பிடி உடைந்து, இருந்த ஒரே வழியும் அடைபடும். திருப்புளியால் கதவை நெம்புவது பரவலாகக் காணப்படும் தவறு. கதவும் வண்ணப்பூச்சும் கெடுவதோடு, தீ இடரும் உண்டு. பெட்ரோல் −40 °செ. அளவிலேயே தீப்பற்றும் ஆவியைத் தருவதால், மேற்கண்ட மின்சோதனைகளை எரிபொருள் நிலையத்தில் செய்யாமல், காற்றோட்டமான வேறிடத்தில், தொட்டியின் உள்மூடி இறுக மூடியிருக்கும்போது மட்டுமே செய்தல் வேண்டும்.