உடன் இசைக்கும் பொறி: ஜார்ஜ் லூயிசின் 'வாயேஜர்'

கணிப்பொறி இசையின் வரலாறு பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களையும் பொறிகளின் ஆற்றலையும் முன்வைத்தே எழுதப்படுகிறது. மேடையில் மனிதரோடு சேர்ந்து அவ்வப்போதே இசை புனையும் பொறியின் வரலாற்றை அவ்வாறு எழுதினால் அதன் வேர் புலப்படாது. ஜார்ஜ் லூயிசு உருவாக்கிய 'வாயேஜர்' இதற்குத் தக்க சான்று.

1952இல் சிகாகோவில் பிறந்த லூயிசு, டிராம்போன் கலைஞர். அந்நகரக் கறுப்பின இசைஞர்கள் 1965இல் நிறுவிய சங்கத்தில் 1971இல் சேர்ந்தார். அச்சங்கத்தாரின் அரங்குகளில் ஒருவரே பல கருவிகளை மாறிமாறி இசைப்பதுண்டு; முதன்மைக் கலைஞர், துணைக் கலைஞர் என்னும் பாகுபாடும் அங்குத் தளர்ந்திருந்தது. 1984இல் பாரிசின் இர்க்காம் நிறுவனத்தில் கணிப்பொறிகள் மனிதரோடு இசைக்கும் 'ரெயின்போ ஃபேமிலி'யை அரங்கேற்றினார். 'வாயேஜர்' 1986 முதல் 1988 வரை, ஆம்ஸ்டர்டாமின் ஸ்டைம் கூடத்தில், ஃபோர்த் என்னும் நிரல்மொழியில் உருவாயிற்று.

அதன் இயங்குமுறை நோக்கத்தக்கது. உடன் இசைப்பவரின் சுருதி, ஒலியளவு, வேகம், சுர இடைவெளி ஆகியவற்றை அது கணிக்கிறது. அதன்வசமுள்ள 64 குரல்கள் ஐந்து முதல் ஏழு நொடிக்கொருமுறை புதுப்புதுக் குழுக்களாகச் சேர்கின்றன. கேட்டதைப் பின்பற்றலாம், எதிர்க்கலாம், பொருட்படுத்தாமலும் விடலாம். கலைஞர் வாளாவிருப்பினும் அது தானே இசைக்கும். ஏவலுக்குப் பணியாத இத்தன்மையை நிரலின் குறையாகக் கருதுதல் எளிது. ஆனால் லூயிசு 2000இல் வெளியிட்ட கட்டுரையில், பல தலைமைகள் ஒருங்கே நிற்கும் ஆப்பிரிக்க-அமெரிக்க அழகியலே இதன் அடிப்படை என்கிறார். சிகாகோ அரங்கின் ஒழுகலாறு நிரலாகப் பெயர்க்கப்பட்டது எனலாம். நிரலின் தெரிவுகளிற் பல தற்செயல் எண்களால் அமைபவை. அவற்றைத் 'தன்விருப்பு' எனல் மிகையே. எனினும் உடன் இசைப்பவர் செவிகொடுத்து மறுமொழி கூறவேண்டிய நிலை உண்மையானது.

இதனைத் தமிழில் எச்சொல்லாற் குறிப்பது? 'மனோதர்மம்' ஓரளவே பொருந்தும். கருநாடக இசையில் அது இராக, தாள வரம்பினுள் நிகழ்வது. வாயேஜருக்கு அத்தகைய முன்வரம்பு இல்லை. 'பக்கவாத்தியம்' அறவே பொருந்தாது.

1993இல் வெளிவந்த இசைத்தட்டில், அதே சங்கத்தின் மூத்த கலைஞர் ராஸ்கோ மிட்செலும் லூயிசும் இதனோடு இசைத்துள்ளனர். 2004இல் நியூயார்க்கில் நிகழ்ந்த 'வர்ச்சுவல் கன்சர்ட்டோ'வில், இசைக்குழுவின் முன் தனிக்கலைஞருக்குரிய இடத்தில், கணிப்பொறி இயக்கிய பியானோ இடம்பெற்றது.